ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

லிப்ட் மெக்கானிக்கும் அவருடைய மாமனாரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டால், வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார்கள். பேச்சு முழுக்க இரும்புக் கயிறு, கப்பி, எதிர் எடை, பிரேக். மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "நான் பெட்டியைத் தூக்கினவன், எங்க மாப்பிள்ளை மனுஷனைத் தூக்கறவர்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாமியாருக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் மாமனார் வீட்டுப் பால்கனியில் உட்காருவார்கள். நாலாவது மாடி, எதிர்க் கட்டடத்துத் துணிக்கொடிகளைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தட்டில் வறுத்த கடலை, ஆளுக்கு ஒரு கிளாஸ் ரம். ஒன்றுதான். பாட்டில் மூடியால் அளந்து ஊற்றி, உடனே பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார் மாமனார். "இன்னொண்ணு ஊத்தினா உங்க அத்தை எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் சேத்து சாப்பாட்டை நிறுத்திடுவா" என்பார். அந்த ஒரு கிளாஸை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டு இருவரும் உலகத்திலுள்ள எல்லாப் பாரத்தையும் தூக்கி இறக்குவார்கள்.

தகப்பன் முகமே சரியாக நினைவில்லாதவர் மெக்கானிக். பால்கனியில் அந்த மர நாற்காலி தனக்கு என்ன என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவும் தெரியாது.

பிறகு வலிப்பு வந்தது. முதல் தடவை காய்கறிக் கடை வரிசையில் நிற்கும்போது. அடுத்த தடவை வீட்டில், பல் துலக்கும்போது. மூளை டாக்டரம்மா படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் விழுங்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். கம்பெனியில் அவரை லிப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் இவர் பேச வேண்டும். "பதட்டப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க." கிளம்புகிற ஆள் இவராக இருந்த காலம் போய்விட்டது. ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் பழைய வேலைக்குத் திரும்புவது பற்றிப் பார்க்கலாம் என்றார்கள்.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டபோது மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள், "ஞாயித்துக்கிழமை எங்கப்பாகூட ஒண்ணு" என்றாள் மனைவி.

"இப்போதைக்கு அதுவும் வேண்டாம்."

அத்தோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு மெக்கானிக் வழக்கம்போலப் பால்கனிக்குப் போனார். மாமனார் ஊற்றப்போன கையை நிறுத்திக்கொண்டு, பிள்ளையின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கியவர் மாதிரி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நீங்க முன்னாடி இருந்தா எனக்கு இறங்காது மாப்ளே. உள்ள காத்தாடிக்குக் கீழ போய் உட்காருங்க. ஓய்வெடுங்க." பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "சின்ன மாப்ளே! நீங்க வாங்களேன்!"

சின்ன மாப்பிள்ளை என்பது சகலை. மனைவியின் தங்கை புருஷன். பல் செட் செய்கிறவர். பல் ஆஸ்பத்திரிகளிலிருந்து அச்சு வரும். அதைப் பார்த்துப் பல் வரிசை செய்து அனுப்புவார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். அதிகம் பேசாதவர், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவர். இதுவரை மெக்கானிக் அவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அன்றைக்கு நினைத்தார். ஏனென்றால் பல்லுக்காரரும் தினமும் மாத்திரை போடுகிறவர்தான். ரத்தக் கொதிப்புக்கு.

"ஏன் தம்பி, நீங்களும் மாத்திரைதானே சாப்பிடறீங்க? உங்களுக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டேண்ணே. அளவா ஒண்ணுன்னா பரவால்லைன்னுட்டார்" என்று பல்லுக்காரர் தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிதலில் ஏதோ இருந்தது. மெக்கானிக் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு வயிறு எரிந்தது. கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பால்கனிப் பேச்சைக் கேட்பார். எதிர் எடையைப் பற்றி மாமனார் சொல்லுவார். பல்லுக்காரர் "ஓஹோ" என்பார். புயலடித்த அன்று கிரேன் உச்சியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லுவார். "அப்படியா!" என்பார் பல்லுக்காரர். அந்தக் கதையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதுதான் முக்கியம். அதைக் கேட்கத் தெரியவில்லை அந்த ஆளுக்கு! மெக்கானிக் பேப்பரைக் கசக்குவார். மாமனார் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பிலும் ஒரு முள் இருந்தது. மாமனாரின் மேல்வரிசைப் பல் முழுக்கப் பல்லுக்காரர் செய்துகொடுத்தது. அவர் வாயைத் திறந்தாலே சகலையின் கைவேலை பளிச்சென்று தெரியும்.

"என்னங்க, பேப்பரைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி.

"விளம்பரம் பாக்கறேன்."

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, மனைவியை மருந்து வாங்க அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டார்.

"வாரத்துக்கு ஒரே ஒரு கிளாஸ், டாக்டர். அதுவும் மூடியால அளந்து. குடிகாரன்னு நினைச்சுடாதீங்க."

"நினைக்கல. உங்க மாத்திரையும் மூளையை மந்தமாக்கும், மதுவும் மந்தமாக்கும். ரெண்டும் சேந்தா எங்க கொண்டுபோய் விடும்னு சொல்ல முடியாது. ரொம்ப நாள் வலிப்பே வராதவங்க சிலருக்கு, கொஞ்சம்னா சரின்னு நானே சொல்லியிருக்கேன். நீங்க இன்னும் அந்த இடத்துக்கு வரல."

"என் சகலைக்கு அளவா ஒண்ணு குடிக்கலாம்னு சொல்லியிருக்காங்களே."

"அவருக்கு என்ன மாத்திரை?"

"பிரஷருக்கு."

"அவர் மாத்திரை வேற, உங்க மாத்திரை வேற. அவர் உடம்பு வேற, உங்க உடம்பு வேற." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு. குடிக்கணும்னு ஒரு வேளை மாத்திரையை விட்டுடறவங்க இருக்காங்க. அது இதைவிட மோசம். அந்த வேலை மட்டும் பண்ணிடாதீங்க."

அதுவரை அந்த யோசனையே மெக்கானிக்கின் தலையில் இல்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அது மட்டும்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தானே ஆபத்து? சேராமல் பார்த்துக்கொண்டால்?

ஞாயிறு காலை மனைவி தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள். தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டார். மதியம் மாமனார் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"மாமா, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒண்ணுன்னா சரின்னு சொல்லிட்டாங்க."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா மாப்ளே? என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவளும் கூடத்தான் இருந்தா."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. பல்லுக்காரர் அவர் முகத்தை ஒரு விநாடி பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் துடைத்து வேறு கொடுத்துவிட்டு உள்ளே போனார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடாமல் கிடைத்த வெற்றியில் கொஞ்சம் ருசி குறைந்தது. ஆனாலும் முதல் வாய் ரம் தொண்டையில் இறங்கியபோது, "புயல் அன்னிக்குக் காத்து கடல் பக்கமிருந்துதானே மாமா அடிச்சுது?" என்று கேட்டார். மாமனார் தொடையில் தட்டிக்கொண்டு, "அதைக் கேளுங்க!" என்றார். மெக்கானிக்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. ரம் காரம் என்று துடைத்துக்கொண்டார்.

மனைவியைப் பால்கனிப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடாக இருந்தது. அவள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கிளாஸ் நாற்காலிக் காலுக்குப் பின்னால் போய்விடும். பேச்சுத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த வாரமும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது அவருக்குத் தைரியம் கொடுத்தது. சனிக்கிழமை மாலை மாத்திரையையும் விட்டால் உடம்பு இன்னும் சுத்தமாக இருக்கும் என்று தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் போனில் யாரோ ஒரு பெண் லிப்டுக்குள்ளிருந்து அழுதபோது, "நாங்க சொல்றதைக் கேட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்று அவர்தான் சமாதானம் சொன்னார்.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எட்டிப் பார்த்தால், பல்லுக்காரர் தரையில் சம்மணம் போட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார். சுற்றிலும் மாமியார், மனைவி, மச்சினி. யாரோ ஒரு பெரிய மனிதர் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடிய கதை. மூன்று பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தன் மனைவி இப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இங்கே நாற்காலி கிடைத்துவிட்டது. அங்கே எதையோ அவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று தோன்றியது. மறுபடியும் எரிந்தது.

அப்படி ஒரு ஞாயிறு மாமனார் அறுந்துபோன ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் "எத்தனை இழை மாமா?" என்று கேட்க வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை. கிளாஸ் கையிலிருந்து நழுவி உடைந்தது. உடம்பு விறைத்து நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தது.

மற்றதெல்லாம் பிறர் சொல்லி அவருக்குத் தெரிந்ததுதான். மாமனார் வீடே அதிரும்படி கத்தினார். மாமியார் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். "வாயில எதுவும் ஊத்தாதீங்க அத்தை!" என்று ஒரு அதட்டல் கேட்டது. பல்லுக்காரர் அதட்டுவார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கிவிட்டு, மெக்கானிக்கை ஒருக்களித்துப் படுக்க வைத்து, குலுங்கிய தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். அடங்கும்வரை அப்படியே இருந்தார்.

மெக்கானிக்குக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது நாக்கு வலி. அடுத்தது கால்சட்டையில் ஈரம். அதன் மேல் ஒரு சட்டை போர்த்தியிருந்தது. பல்லுக்காரர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் கவனிப்பதற்குள் அவர் மூடிவிட்டிருந்தார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றும்போது மனைவி அவர் சட்டைப் பையில் கைவிட்டாள். வியர்வையில் ஊறிய மாத்திரைகள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவளையாவது பாத்து மயங்கி இப்படிப் பண்ணியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள். "எங்கப்பாவுக்காகவா?"

"மாமாவுக்காக இல்ல. அவன்..." நாக்கு வீங்கியிருந்ததால் குழறியது. "அவன் அங்க உட்கார்ந்தான்."

"அதுக்கு?"

அவள் அழவில்லை, கத்தவில்லை. செவிலியிடம் போய், இவர் எந்தெந்த மாத்திரையை விட்டார், என்ன குடித்தார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்றார். "வேண்டாம்னு நான் சொன்னதையே வழியா எடுத்துக்கிட்டீங்க. இனிமே அந்த ஒரு வருஷத்தை மொதல்ல இருந்து எண்ணணும்" என்றார். ஷாஃப்ட்டுக்குத் திரும்பும் நாள் எங்கோ தள்ளிப் போய்விட்டது என்பது மெக்கானிக்குக்குப் புரிந்தது.

மறுநாள் மதியம் பல்லுக்காரர் துணைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பெரிய கட்டு. உடைந்த கிளாஸ் கீறியிருந்தது.

"அன்னிக்கே எனக்குச் சந்தேகம்ணே. டாக்டர் ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னப்போ உங்க மூஞ்சி சரியில்ல."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு எழுந்து போனே?"

பல்லுக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "சந்தோஷம். தப்பிச்சோம்னு ஒரு சந்தோஷம்."

"என்ன?"

"அண்ணே, எனக்கு அந்த ரம் வாசனையே ஆகாது. கிரேனும் ஆகாது. கப்பிக்கும் கொக்கிக்கும் வித்தியாசம் தெரியாம முழிச்சுக்கிட்டு, எங்க 'ஓஹோ' சொல்லணும், எங்க 'அப்படியா' சொல்லணும்னு ஞாயித்துக்கிழமை பூரா வேர்த்து ஊத்தும். நீங்க உள்ள இருப்பீங்க. உங்களுக்குக் காத்தாடி, தலையணை, அத்தை கையால மோர். ஒவ்வொருத்தரும் வந்து 'எப்படி இருக்கு'ன்னு விசாரிப்பாங்க. எனக்கும் வியாதிதான். ஒருத்தர் கேட்டதில்ல. எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

மெக்கானிக் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"டாக்டர்கிட்டயே போய்க் கேட்டேண்ணே. பிரஷர் மாத்திரை சாப்பிடறேனே, குடிக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்னு. அந்த மனுஷன் சிரிச்சுட்டு, 'அளவா ஒண்ணுன்னா பரவால்ல, பயப்படாதீங்க'ன்னுட்டார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டேன். அப்பவும் அதையேதான் சொன்னார்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. நாக்கு வலித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல்லுக்காரரும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே."

"சொல்ல மாட்டேன்."

சொல்லுவதற்கான நேரம் அன்று மாலையே வந்தது. மாமனார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். முகம் ஒடுங்கியிருந்தது. "என் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆசையில கேக்காம விட்டுட்டேன்" என்றார். மெக்கானிக், "தப்பு என்னோடது மாமா" என்றார். பிறகு, இனிமேல் எப்படி என்று நோயாளிக்கு ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு பெரியவர் தொடர்ந்தார்:

"நீங்க கவலைப்படாம உடம்பைப் பாருங்க மாப்ளே. எனக்குப் பேச்சுத் துணைக்குச் சின்ன மாப்பிள்ளை இருக்கார். நல்ல பையன். நான் என்ன சொன்னாலும் அப்படிக் கேக்கறார். நீங்க தொழில் தெரிஞ்சவர், நடுவுல நடுவுல திருத்துவீங்க. அவர் ஒரு தடவைகூடக் குறுக்க பேசினதில்ல. வயசானவனுக்கு அதுவும் ஒரு சுகம்தான், இல்லையா?"

ஊசி இறங்கியது மாதிரி இருந்தது மெக்கானிக்குக்கு. இத்தனை வருஷம் கேட்ட கேள்விகளெல்லாம் குறுக்குப் பேச்சாகிவிட்டன. பதில் நுனி நாக்கில் நின்றது. 'அவனுக்கு உங்க கிரேனே பிடிக்காது மாமா. ரம்மும் பிடிக்காது. அவனே சொன்னான், இதே கட்டில்கிட்ட உட்கார்ந்து.' இவ்வளவு போதும். நாற்காலி காலியாகிவிடும். பெரியவர் முகம் எப்படி மாறும் என்றுகூட அவர் ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தார்.

ஜன்னல் பக்கம் பல்லுக்காரர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. பனியனோடு உட்கார்ந்திருந்த அதே முதுகு.

"ஆமா மாமா" என்றார் மெக்கானிக். "ரொம்ப நல்ல பையன்."

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை விஷயத்தில் மனைவி அவரை நம்புவதை நிறுத்திவிட்டாள். விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்பாள். குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார். வேலைக்குப் போனார், போன் எடுத்தார். மாலையில் சகலையிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கியது.

"அண்ணே, 'ஓஹோ' மட்டும் சொல்லிச் சமாளிக்க முடியல. அவர் கதை முடிஞ்சதும் மூஞ்சியையே பாக்கறார். கேக்கறதுக்கு ஒரு கேள்வி குடுங்க."

மெக்கானிக் முதலில் இழுத்தடித்தார். பிறகு எதிர் எடை என்றால் என்ன, அது இல்லாவிட்டால் மோட்டார் என்ன பாடுபடும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த நாள் கப்பி. அதற்கடுத்த நாள் பிரேக். பேச்சு எங்கெங்கோ போகும். பல் அச்சு, பிரஷர், பெண்டாட்டி. ஒருநாள் மச்சினியே போனைப் பிடுங்கி, "அத்தான், இந்த மனுஷன் கல்யாணமானதுலேர்ந்து என்கிட்ட பேசின மொத்தப் பேச்சைவிட இந்த வாரம் உங்ககிட்ட அதிகமாப் பேசியிருக்கார். எனக்கு நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு மெக்கானிக் சமையலறையில் மாமியாருக்குப் பூண்டு உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து பல்லுக்காரரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது: "மாமா, பாரம் காத்துல ஆடும்போது பிரேக்கை உடனே பிடிப்பீங்களா, ஆட்டம் அடங்கினப்புறமா?"

வெள்ளிக்கிழமை மெக்கானிக் சொல்லிக்கொடுத்த கேள்வி. ஒரு எழுத்து மாறவில்லை.

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கே வரைக்கும் கேட்டது. "அடேயப்பா! ஏய், கேட்டியா? சின்ன மாப்பிள்ளை என்ன கேள்வி கேக்கறார் பாரு! இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல!"

மாமியார் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். "பூண்டு காரமா மாப்ளே? கண்ணு சிவந்திருக்கே."

"ஆமாத்தை."

இரண்டு பல் பூண்டை நசுக்கிவிட்டார். எரியத்தான் செய்தது, அதில் பொய் இல்லை. பால்கனியில் பெரியவர் ஆட்டம், பாரம், காற்று என்று விளக்கிக்கொண்டே போனார். அவ்வளவு நீளமாக, அவ்வளவு ஆசையாக அவர் பேசி மெக்கானிக் கேட்டதில்லை. பூண்டை அப்படியே வைத்துவிட்டுக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார்.

திங்கட்கிழமை மாலை போன் வந்தது.

"அண்ணே, அடிச்சுத் தூக்கிட்டோம்! அடுத்த வாரத்துக்கு ஒண்ணு சொல்லுங்க."

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். கேட்டால் பல்லுக்காரர் வசமாக மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி அவரிடம் இருந்தது; பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை ஒதுக்கிவைத்தார். இன்னொன்று இருந்தது. இத்தனை நாளும் தானே கேட்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தது.

"பேனா எடுத்துக்க தம்பி" என்றார். "இது கொஞ்சம் நீளமான கேள்வி."